மரகதம் என்கிற உமா

பெயர் மாற்ற வேண்டும் என்று யாராவது வந்தால், வக்கீல் சேம்பரில் ஆகக் கடைசியாகச் சேர்ந்தவரிடம்தான் அந்த வேலையைத் தள்ளுவார்கள். என்னிடமும் அப்படித்தான் தள்ளினார்கள். இப்போது உங்களிடம் தள்ளுகிறார்கள். ஒரு பிரமாணப் பத்திரம், பத்திரிகையில் ஒரு விளம்பரம், சர்க்கார் உத்தியோகமாக இருந்தால் கெஜட்டில் ஒரு அறிவிப்பு, அவ்வளவுதான் என்பார் உங்கள் சீனியர். வாதாட வேண்டியதில்லை, எதிர்த்தரப்பும் இல்லை என்பார். மற்றதெல்லாம் சரி. எதிர்த்தரப்பு இல்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

எழுபதுகளின் கடைசி. தில்லியில் நான் கறுப்புக் கோட்டுப் போட்டு மூன்று வருஷம்கூட ஆகவில்லை. வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாள், என் சீனியர் காலையிலேயே ஹைகோர்ட்டுக்குப் போய்விட்டார். சேம்பரில் நானும் முன்ஷியும்தான் இருந்தோம். முன்ஷி என்றால் வக்கீல் குமாஸ்தா. டைப் அடிப்பது, மனுவைக் கொண்டுபோய்த் தாக்கல் செய்வது எல்லாம் அவர்தான்.

இருபத்தெட்டு வயது இருக்கும், ஒரு பெண் வந்தாள். தமிழ் வக்கீல் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெயர் மரகதம். கோயமுத்தூர்ப் பக்கம். கன்னாட் பிளேஸில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் டைப்பிஸ்ட். கைப்பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து, மடிப்பை நீவி என் மேஜைமேல் வைத்தாள்.

"விளம்பரம் நேத்தே வந்துருச்சுங்க மேடம். இனி ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்னு மாமா சொன்னாருங்க. அதை வெச்சு ஆபீஸ்லயும் மாத்திக்கலாமுங்களாம்."

மாமா என்றது அவளுடைய அக்காவின் கணவரை. ஒரு அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். மரகதமும் அவள் மகளும் ஆர்.கே.புரத்தில் அவருடைய குவார்ட்டர்ஸில்தான் இருந்தார்கள்.

விளம்பரத்தைப் படித்தேன். சண்முகத்தின் மனைவி மரகதமாகிய நான் இனி உமா என்றே அழைக்கப்படுவேன் என்று இருந்தது. அதன் கீழே செக்டார், பிளாக், வீட்டு எண். ஒரு குறையும் இல்லாத விளம்பரம்.

பிரமாணப் பத்திரத்தில் காரணம் என்று ஒரு வரி வரும். சோதிடம், எண்கணிதம், உச்சரிக்கக் கடினம் என்று ஏதாவது ஒன்றை எழுதிவிட்டுப் போவதுதான் வழக்கம். பேனாவைத் திறந்துகொண்டு கேட்டேன்.

"எதுக்காக மாத்தறீங்கன்னு ஒரு வரி எழுதணும். என்ன போடட்டும்?"

அவள் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"என்ற வீட்டுக்காரருக்கு நான் இருக்கற எடம் தெரியக்கூடாதுங்க. அதுக்குத்தானுங்க."

நான் திரும்பவும் அந்தத் துண்டைப் பார்த்தேன். பேனாவை மூடி வைத்தேன்.

அதன் பிறகுதான் அவள் முழுதாகச் சொன்னாள். கணவன் ஊரில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை வீசுவான். எதுவும் கிடைக்காவிட்டால் அவள் கையையே பிடித்து முறுக்குவான். நாலு வருஷத்துக்கு முன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி அக்காவிடம் வந்துவிட்டாள். அக்கா தில்லியில் எங்கே இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. விவாகரத்து, ஜீவனாம்சம் என்று எந்த வழக்கும் போடவில்லை. போட்டால் விலாசம் தெரிந்துவிடும் என்ற பயம். போன வாரம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் வாங்கப் போன அக்கா, அங்கே சண்முகத்தைப் பார்த்திருக்கிறாள். கூட அவனுடைய அண்ணன். அண்ணனுக்கு சரோஜினி நகரில் வீடு. தேடிக்கொண்டுதான் வந்திருக்கிறான் என்று புரிந்தது. அன்று ராத்திரி வீட்டில் ஆலோசனை நடந்தது. பெயரை மாற்றிவிட்டால் ஆபீஸில் விசாரித்தாலும் கிடைக்க மாட்டாள் என்று மாமா சொன்னார். அவரே விளம்பரத்தை எழுதி, அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

"மாமா எல்லாத்தையும் ரூல்படிதானுங்க செய்வாரு."

"நீங்க இதைப் படிச்சுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனுங்க. ஸ்பெல்லிங் எல்லாம் சரியாத்தான் இருக்குது."

டைப்பிஸ்ட் அல்லவா, அவள் கண் எழுத்துப்பிழையைத்தான் தேடியிருக்கிறது. நான் வீட்டு எண்ணின் மேல் விரலை வைத்தேன். அவள் குனிந்து படித்தாள். மேலே புருஷன் பெயர், பழைய பெயர், புதுப் பெயர், கீழே விலாசம். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"அமுதா," என்றாள்.

அமுதா அவள் மகள். ஏழு வயது. மந்திர் மார்க்கில் தமிழ் சொல்லித்தரும் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. ஆபீஸ் போகும் வழியில் மரகதம் கொண்டுபோய் விடுவாள். ஒரு மணிக்குப் பள்ளி விட்டதும் போய் அழைத்து, பக்கத்தில் சினேகிதி வீட்டில் விட்டுவிட்டு ஆபீஸுக்குத் திரும்புவாள்.

குவார்ட்டர்ஸில் மேல்மாடிக்காரர்கள் வீட்டில் போன் இருந்தது. கோர்ட் வளாகத்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டோம். நான்தான் பேசினேன். எடுத்தது ஒரு பஞ்சாபி அம்மாள். கீழ் வீட்டுக்கு இன்று யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

"ஹாங் ஜி, இப்பத்தான் ரெண்டு பேர் வந்துட்டுப் போனாங்க," என்று ஹிந்தியில் சொன்னார். "மிட்டாய் டப்பாவெல்லாம் வாங்கிட்டு வந்திருந்தாங்க. கீழே பூட்டியிருந்தது, அவங்க மலை மந்திர் கோயிலுக்குப் போயிருக்காங்க. பாப்பா எந்த ஸ்கூல்னு கேட்டாங்க, மந்திர் மார்க்னு சொன்னேன். அச்சே லோக் தே."

நல்ல மனிதர்களாம். மிட்டாயோடு வந்தவர்களை யார் சந்தேகப்படுவார்கள்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். இப்படி ஒரு நேரத்தில் உங்களுக்கு யோசிக்க அவகாசம் இருக்காது. சட்டப் புத்தகத்தைப் புரட்டவும் முடியாது.

போலீஸுக்குப் போகலாம். போனால், அப்பா குழந்தையை அழைத்துப் போவதில் என்ன குற்றம் என்று கேட்பார்கள். கேட்பதில் தவறும் இல்லை. குழந்தைக்கு ஐந்து வயது தாண்டிவிட்டது. அப்பாதான் இயற்கைக் காப்பாளர் என்று சட்டமே சொல்கிறது. கோர்ட்டில் காப்பாளர் மனு போடலாம். ஆனால் மனு டைப் ஆகி, நீதிபதி முன்னால் போய், உத்தரவு கைக்கு வருவதற்குள் குழந்தை தெற்கே போகும் ரயிலில் இருக்கும். குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர் எதுவோ அந்த ஊர்க் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம். அவன் குழந்தையோடு கோயமுத்தூரில் போய் உட்கார்ந்துகொண்டு, இதுதான் குழந்தையின் ஊர் என்று சொன்னால், இவள் அங்கே போய்த்தான் வழக்கு நடத்த வேண்டும். இவளால் அது முடியாது.

மிஞ்சியது பள்ளிக்கூடம். நான் கூடப் போகாமல் இவளை மட்டும் அனுப்பினால், கணவனைக் கண்டதும் உறைந்துபோய்விடுவாள் என்று அந்த முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. நான் போனால், அங்கே நடப்பதற்கு நான் சாட்சியாகிவிடுவேன். சாட்சி அதே வழக்கில் வக்கீலாக நிற்கக் கூடாது. சொந்தமாக நடத்த எனக்குக் கிடைத்த முதல் வழக்கு அது. இன்னும் மனுவே எழுதவில்லை, அதற்குள் கையை விட்டுப் போகப்போகிறது.

முன்ஷியிடம், காப்பாளர் மனு ஒன்றைப் பழைய மாதிரியைப் பார்த்து அடிக்க ஆரம்பியுங்கள், பெயர்களுக்கு இடம் விடுங்கள் என்றேன். பக்கத்துச் சேம்பர் ஜூனியர் ஒருவர் ஹைகோர்ட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். உடனே திரும்பி வரும்படி சீனியருக்கு அவரிடம் சொல்லி அனுப்பினேன். ஆட்டோ பிடித்தோம்.

வழியில் மரகதம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவரு கூட்டிட்டுப் போனா அது கேஸாகுமுங்களா?"

"ஆகாது."

 ஆட்டோவின் முன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்தபடி வந்தாள்.

நாங்கள் இறங்கும்போது பள்ளி விட்டிருந்தது. கேட்டுக்கு உள்ளே ஒரு டீச்சர், அவர் கையைப் பிடித்தபடி அமுதா. வெளியே சண்முகமும் அவன் அண்ணனும். நான் ஒரு முரட்டு ஆளை எதிர்பார்த்திருந்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கக்கத்தில் மிட்டாய் டப்பா, அடக்கமான குரல்.

"நான் அவளோட அப்பனுங்க டீச்சர். இந்தாங்க, பர்த் சர்ட்டிபிகேட். பேரைப் பாருங்க."

டீச்சர் வாங்கிப் படித்தார். அமுதா அவரை அண்ணாந்து பார்த்து, இந்த அங்கிள் யார் என்று ஹிந்தியில் கேட்டாள்.

"டீச்சர், ஏ அங்கிள் கௌன் ஹை?"

சண்முகத்துக்கு ஹிந்தி தெரியாது. அங்கிள் என்ற வார்த்தை தெரியும். அவன் முகம் அப்படியே விழுந்தது. அந்த ஒரு கணம் அவனைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், உங்களுக்கும் அப்படி வரும். எதிர்த்தரப்பும் மனுஷன்தான்.

டீச்சர் என் கோட்டைப் பார்த்தார்.

"நீங்க வக்கீலா? கோர்ட் ஆர்டர் ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், டீச்சர் குழந்தையை எங்களிடம் கொடுத்திருப்பார். காகிதத்தைக் காட்டு என்றுகூடக் கேட்டிருக்க மாட்டார். என் கோட்டுக்கு அவ்வளவு மரியாதை இருந்தது. மரகதத்தின் விரல்கள் என் முழங்கையை அழுத்தின.

"இல்லை," என்றேன்.

அழுத்தம் கூடியது.

"என்கிட்ட ஆர்டர் இல்லை. அவர்கிட்டயும் இல்லை. காலையில இந்தக் குழந்தையைக் கொண்டுவந்து விட்டது யாரு டீச்சர்?"

"இவங்கதான், அம்மா."

"பள்ளியில சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டது?"

"அதுவும் அவங்கதான்."

"அப்ப தினமும் யார்கிட்ட அனுப்புவீங்களோ அவங்ககிட்டயே இன்னைக்கும் அனுப்புங்க. நான் வேற எதுவும் கேக்கலை."

அண்ணன் முன்னால் வந்தார்.

"அப்பனுக்கு இல்லாத உரிமையா? சட்டம் படிச்சவங்கதானே நீங்க?"

"படிச்சதாலதான் சொல்றேன். சட்டம் உங்க தம்பி பக்கம்கூடப் பேசலாம். கோர்ட்ல வந்து கேளுங்க. ஆர்டர் வாங்கிட்டு வந்தீங்கன்னா நானே குழந்தையைக் கொண்டுவந்து விடச் சொல்றேன்."

டீச்சர் பர்த் சர்ட்டிபிகேட்டை மடித்து சண்முகத்திடம் திருப்பிக் கொடுத்தார். அமுதாவைத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டார். பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து, "நீங்க மட்டும் உள்ள வாங்கம்மா," என்றார்.

"மரகதம்," என்று சண்முகம் கூப்பிட்டான். சத்தம் போடவில்லை. "வா, பேசிக்கலாம்."

அவள் ஒரு கணம் நின்றாள். கூப்பிட்டதும் நிற்கப் பழகிய கால்கள். பிறகு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். டீச்சர் தாழ்ப்பாளைப் போட்டார். பின்பக்க வழியாக அவர்களை அழைத்துக்கொண்டு நான் நேராகக் கோர்ட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

அன்று மாலை கோர்ட் கலைவதற்கு முன் மனு தாக்கலானது. சீனியர் அதற்குள் வந்திருந்தார். குழந்தையைத் தில்லியை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது, மறு உத்தரவு வரை தாயிடமே இருக்கட்டும் என்று நீதிபதி இடைக்கால உத்தரவு போட்டார். வெளியே வந்ததும் சீனியர் என்னைத் தனியே கூப்பிட்டார். பாராட்டுவார் என்று நினைத்தேன். இனி இந்த வழக்கில் நீ வாயைத் திறக்கக் கூடாது, கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லத் தயாராகு என்றார்.

சில மாதம் கழித்து ஏறினேன். சண்முகத்தின் வக்கீல் நல்ல அனுபவசாலி. அவருடைய வாதம் சுலபமானது: இந்தப் பெண், காப்பாளனான தகப்பனிடமிருந்து குழந்தையைத் திருடிக்கொண்டு வந்தாள்; பொய்ப் பெயரில் ஒளியப் பார்த்தாள்; அதற்கு யோசனை சொன்னவர் இந்த வக்கீலம்மா.

"பெயரை மாற்றி ஒளித்துவைக்கத் திட்டம் போட்டுக் கொடுத்தது நீங்கள்தானே?"

"இல்லை. அவர் வரும்போதே விளம்பரம் வெளியாகிவிட்டது. அதில் பழைய பெயர், புதுப் பெயர், கணவர் பெயர், வீட்டு எண் எல்லாம் இருக்கிறது. ஒளிய நினைப்பவர் யாரும் அப்படி விளம்பரம் கொடுக்க மாட்டார்."

விளம்பரம் ஏற்கெனவே எங்கள் தரப்பு ஆவணமாகத் தாக்கலாகியிருந்தது. அவளைக் காட்டிக்கொடுத்த அதே துண்டுதான், குழந்தை தில்லியில் வெளிப்படையாக வசித்தது என்பதற்கும் அத்தாட்சி. சீனியர் அதை நன்றாகப் பயன்படுத்தினார். எதிர் வக்கீல் லேசில் விடவில்லை.

"அந்த விளம்பரத்தை நீங்கள் எழுதியிருந்தால் வீட்டு எண்ணைப் போட்டிருப்பீர்களா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். போட்டிருப்பேன் என்றால் பொய். போட்டிருக்க மாட்டேன் என்றால் அவர் கேட்டதை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். சீனியரைப் பார்த்தேன். அவர் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"போட்டிருக்க மாட்டேன்," என்றேன். "எங்கள் சேம்பர் முகவரியைப் போட்டிருப்பேன்."

"அதாவது, ஒளித்திருப்பீர்கள்."

"ஆமாம். ஒளித்திருப்பேன்."

அவர் திருப்தியாக உட்காரப் போனார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏன்?" என்று கேட்டார்.

எதிர் வக்கீல் ஆட்சேபிக்க எழுந்தார். நீங்கள் திறந்த கதவுதானே என்று நீதிபதி அவரை உட்கார வைத்துவிட்டார்.

"அவர் என்னிடம் முதல்நாள் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார்," என்றேன். "காகிதம் மின்விசிறிக் காற்றில் பறந்தது. வலதுகையால் எழுதிக்கொண்டு, இடது முழங்கையால் அதை அழுத்திப் பிடித்தார். உள்ளங்கையால் அழுத்தவில்லை. அந்த மணிக்கட்டு திரும்பவில்லை. நான் பார்த்தது அவ்வளவுதான். அது எப்படி ஆனது என்று எனக்கு நேரில் தெரியாது. அவரைத்தான் கேட்க வேண்டும்."

எனக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கிழித்திருப்பார்கள். அடுத்து மரகதம் கூண்டில் ஏறினாள். நீதிபதி கையை நீட்டச் சொன்னார், திருப்பச் சொன்னார். வலது கை திரும்பியது. இடது கை பாதியில் நின்றது. யார் செய்தது என்று கேட்டபோது அவள் சண்முகத்தைக் காட்டவில்லை. வாயால் பெயரைச் சொன்னாள். ஊரில் புருஷன் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லாதவள், கோர்ட்டில் முழுப் பெயரையும் சொன்னாள். சண்முகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுக்கும்படி வக்கீல் அவன் காதில் சொன்னார். அவன் தலையாட்டினானே தவிர எழுந்து நிற்கவில்லை.

தகப்பனுக்கு உரிமை உண்டு, குழந்தையின் நலன் அதைவிடப் பெரிது என்று தீர்ப்பு வந்தது. அமுதா அம்மாவிடமே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பா வீட்டில் அப்பாவைப் பார்க்கலாம். சண்முகம் கொஞ்ச காலம் வந்தான். அமுதா அவனை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்தாள் என்றும் கேள்விப்பட்டேன். பிறகு அவன் ஊருக்குத் திரும்பிப் போனான். வருவது குறைந்து நின்றுபோயிற்று.

தீர்ப்புக்குப் பிறகு மரகதம் ஒருநாள் சேம்பருக்கு வந்தாள். பாதியில் நின்ற பெயர் மாற்றத்தை முடித்துவிட மாமா சொல்லியிருக்கிறார். விளம்பரம் மட்டும் வந்தது, பிரமாணப் பத்திரமும் இல்லை, கெஜட்டும் இல்லை, அதனால் நீங்கள் இன்னும் உமா ஆகவில்லை என்று விளக்கினேன். பிறகு, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய ஒன்றைக் கேட்டேன்.

"உமாங்கற பேர் உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

அவள் விழித்தாள்.

"அது மாமா வெச்ச பேருங்க. நான் நெனச்சுப் பார்க்கலீங்க."

"நினைச்சுப் பார்த்துட்டு வாங்க. அவசரம் ஒண்ணும் இல்லை."

அடுத்த வாரம் வந்தாள். புதுப் பெயர் வேண்டாம், புருஷன் பெயரும் பின்னால் வேண்டாம், பள்ளிக்கூடத்தில் இருந்தபடி அப்பாவின் இனிஷியலோடு தன் பெயரே போதும் என்றாள். அதற்கு விளம்பரமோ கெஜட்டோ தேவைப்படவில்லை. அவளுடைய பள்ளிச் சான்றிதழில் பி. மரகதம் என்றுதான் இருந்தது. அதன் நகலை இணைத்து ஆபீஸுக்கு நாலு வரி விண்ணப்பம் போதும் என்றேன். பெயர் மாற்ற வருகிறவர்களுக்கு உள்ள வழிகளில் இதுவும் ஒன்று. மாற்ற வேண்டியதே இல்லை என்று நீங்கள்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஹிந்திக்காரரான முன்ஷி விண்ணப்பத்தை அடித்துக் கொண்டுவந்து, சரிபார்ப்பதற்காக உரக்கப் படித்தார். பி. மர்க்கதம் என்றார்.

"மர்க்கதம் இல்லீங்க பாய்சாப்," என்றாள் அவள். "ம, ர, க, தம்."

அவர் திரும்பச் சொன்னார். அப்போதும் சரியாக வரவில்லை. அவள் பேனாவைக் கையில் பிடித்தபடி, அவர் சரியாகச் சொல்லும் வரை கையெழுத்துப் போடாமல் காத்திருந்தாள்.